பிரட்டுக்களத்தில் ஒரு பழைய உவமை

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு தோட்டத்துச் சொந்தக்காரர் வருகிறார். பொழுது விடியுமுன்னே கடைத்தெருவுக்குச் சென்று, ஒரு நாள் வேலைக்கு ஒரு வெள்ளிப் பணம் தருவதாகப் பேசி, ஆட்களைத் தமது திராட்சத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். ஒன்பது மணியளவில் மறுபடியும் போகிறார், நண்பகலிற் போகிறார், பிற்பகல் மூன்று மணிக்கும் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கையில் ஐந்தாம் முறையாகப் போனால், அங்கே இன்னும் சிலர் நிற்கின்றனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று வினவ, எம்மை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறார். மாலையிற் கணக்குத் தீர்க்கும்போது கடைசியாக வந்தவரையே முதலில் அழைத்து முழுப் பணத்தையும் கையிற் கொடுக்கிறார். விடியலிலிருந்து வெயிலில் வெந்தவருக்கும் அதே ஒரு பணந்தான். முணுமுணுப்பு எழுகிறது.

நகரத்துப் பிரசங்க பீடங்களில் இவ்வுவமைக்குச் சொல்லப்படும் பொருள் வாசகர் பலரும் அறிந்ததே. முன்னே வந்தோர் யூதர், பின்னே வந்தோர் புறஜாதியார் என்பர். அன்றி, இளமையிலேயே பக்திநெறி நின்றோர் முன்னவர், மரணப் படுக்கையில் மனந்திரும்பினோர் பின்னவர் என்பர். தேவகிருபை இருசாராருக்கும் ஒன்றே என முடிப்பர். வேதசாத்திரிகள் வழிவழியாகக் கூறிவரும் பொருள் அது. அதிற் பிழை காண்பதற்கில்லை. ஆனால், இதே அதிகாரத்தைப் பதுளைக்கு அப்பால் பசறையிலோ, மடுல்சீமையிலோ, நமுனுகலை மலைச்சரிவிலோ உள்ள ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் வாசித்துப் பாருங்கள். கேட்போர் மனம் யூதரையும் புறஜாதியாரையும் நாடிப் போகுமுன் வேறோர் இடத்தில் நின்றுவிடும். அவர்கள் முந்தின நாட் காலையிலேதான் பிரட்டுக்களத்தில் நின்று வந்தவர்கள்.

தோட்ட வாழ்வை அறியாத வாசகருக்கு இரண்டொரு சொற்களை விளக்கவேண்டும். விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடி, யார் யார் எந்த மலைக்குப் போவது, கொழுந்து பறிப்பதா, கவ்வாத்து வெட்டுவதா, முள்ளுக் குத்துவதா என்று வேலை பகிர்ந்துகொள்ளும் இடமே பிரட்டுக்களம். அங்கே பெயர் கூப்பிட்டுச் செக்ரோலிற் பதிவார்கள். ஆகவே தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை என்று பொருளாயிற்று. 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால் அவள் ஆட்களின் தொகையைக் கேட்கவில்லை. வேலை செய்த நாட்களையே கேட்கிறாள். நேரங்கடந்து வந்தவருக்கும், தோட்டம் நிர்ணயித்த கிலோவை மாலை நிறுவையிற் காட்டமுடியாதவருக்கும் அரைப்பேர். அதாவது, பாதிநாட் கூலி. கொழுந்து அருகிய வறட்சிக் காலத்தில் எத்துணை விரைந்து பறித்தாலும் கூடை நிறையாது, அப்பொழுதும் அரைப்பேர்தான். ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக வகுக்கலாம் என்று கண்டுபிடித்த கணக்கு உலகில் வேறெங்கேனும் உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

இத்தகைய மக்களுக்கு முன்னால், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கு முழுப்பேர் போட்ட ஒரு துரையின் கதையைச் சொன்னால் என்ன நிகழும்? முதலில் ஒரு சிரிப்பு. அப்படியொரு துரையை யாரும் கண்டதில்லை. அதன்பின் ஒரு தயக்கம். உவமையில் முணுமுணுத்தவர்களுக்கு அச்சொந்தக்காரர் சொல்லும் மறுமொழியை நினைத்துப் பாருங்கள். பேசிய கூலியைத் தந்துவிட்டேன். எனக்குரியதை நான் விரும்பியபடி செய்ய எனக்கு உரிமையில்லையா என்பதே அதன் சாரம். நகரத்துச் சபைக்கு அது தேவனின் பெருந்தன்மையாகத் தொனிக்கும். தோட்டத்துச் சபைக்கோ, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பங்களாவிலிருந்து கேட்டுப் பழகிய குரலாகவே ஒலிக்கும். மண் என்னுடையது, மலை என்னுடையது, நான் வைத்ததே கணக்கு என்ற அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்களிடம், இது பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தோட்டங்களிற் பிரசங்கிக்கப் போகும் எவரும் இந்த இடத்தைக் கண்டும் காணாமற் கடந்துபோகலாகாது என்பது என் எண்ணம்.

கடந்துபோகாமல் நின்று நோக்கினால் வேறொன்று தெரியவரும். அந்த ஒரு பணம் யாது? இயேசுநாதர் காலத்துப் பாலஸ்தீனத்தில் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம் அது. அவனும் அவன் வீட்டாரும் ஒருநாள் உண்பதற்குரிய தொகை. காற்பணத்தையோ அரைப்பணத்தையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினவனின் பிள்ளைகள் கால்வயிற்றோடும் அரைவயிற்றோடும் படுப்பார்கள். அந்தச் சொந்தக்காரர் வேலையை நேரத்தால் அளந்தார் அல்லர்; அடுப்படியில் என்ன வேண்டும் என்பதனால் அளந்தார். கடைசி மணிவரை நின்றவன் சோம்பேறியும் அல்லன், அழைப்பாரின்றி நின்றவன். அரைப்பேரோடு லயக் காம்பராவுக்குத் திரும்பி, இருக்கிற மாவை எத்தனை ரொட்டியாகத் தட்டலாம் என்று கணக்கிடும் தாய்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வேளையில், விடியலிலிருந்து உழைத்தோரின் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டென்பதை அவளே முதலில் ஒப்புக்கொள்வாள். முதுகிற் கூடையோடு செங்குத்தான மலையில் நாளெல்லாம் நின்றவளுக்கு வெயிலின் கனம் தெரியும். உவமை அந்த முணுமுணுப்பைத் தீர்த்துவைக்கவில்லை. கூலிச் சண்டையை உவமையாற் தீர்க்க முயல்வதும் தகாது.

கூலிச் சண்டை தனி வரலாறு. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டுமென்று சட்டம் பிறந்தது 1927இல். நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் வர்த்தமானியில் ஏறியது. 2024இல் அது 1,350 ரூபாயாயிற்று. இடையில், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், தோட்டத்து அடுப்பின் ஆதாரமான கோதுமை மாவின் விலை வெகுவாக ஏறிவிட்டது. எண்கள் ஏறின, ரொட்டியின் வட்டம் சுருங்கிற்று.

உவமையை விட்டு ஊவாவின் பழைய கதைக்குச் சிறிது திரும்புவோம். நிச்சயமின்மை என்பது இம்மலைகளுக்குப் புதிதன்று. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் முதன்முதலிற் காணப்பட்டது 1869ஆம் ஆண்டில், இதே மடுல்சீமையிலே. இலையின் அடியிற் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய அந்தப் பூஞ்சணம் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் செல்வத்தைத் தின்று தீர்த்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே, வந்து வந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களாக லயங்களிற் தங்கலாயினர்.

அவர்களைத் தேடி ஆங்கிலத் திருச்சபையார் கண்டியில் 1854இல் ஒரு மிஷனைத் தொடங்கியிருந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந் தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசினர். அந்த மிஷனின் பெயரைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழிற் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். மதிப்புக் குறையாத சொல். ஆங்கிலத்தார் வாயிற் புகுந்து திரும்பியபோது அது ஊதியத்தை விட்டு ஊதியம் வாங்கும் மனிதன்மேல் ஏறிக்கொண்டது. வசைச் சொல்லாகவும் ஆயிற்று. அன்புடன் வந்த சபையார்கூட அச்சொல்லைத் தங்கள் பெயர்ப்பலகையில் எழுதத் தயங்கவில்லை என்பதைப் பிற்காலத்தார் மறந்துவிடலாகாது.

பதுளை நகரின் நடுவே புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. 1857இல் திறக்கப்பட்ட இவ்வாலயம், பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற அவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவருக்குக் கல்லில் ஓர் ஆலயம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்து, காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியோரத்தில் விழுந்த எண்ணிறந்தோருக்கு ஒரு நடுகல்லும் இல்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தொழுகைக்கு வந்து அமரும் தோட்டத்துக் கிறிஸ்தவனின் கண்ணில் எது படும் என்பதைச் சொல்கிறேன்.

பசிக்கு வருவோம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகிப் பங்கீடு சுருங்கியபோது, கிராமத்தவனுக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது, தோட்டத்தவனுக்கு அதுவுமில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. கீரையும் கிழங்கும் தேடி அலைந்தனர். நகரங்களின் தெருவோரங்களிற் கையேந்தினோரும் உண்டு. அக்காலத்திற் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னவர்கள், இன்றைய உணவை இன்று வேண்டும் அந்த நான்காம் அடியில் வந்து நிற்கையில் எப்படி உச்சரித்திருப்பார்கள்! களஞ்சியம் நிறைந்தவனுக்கு அந்த அடி வழக்கமான சொல். நாட்கூலிக்காரனுக்கோ அது கணக்கு. நாளைக்கு வேண்டும் என்று அதிற் கேட்கப்படவில்லை. யாத்திராகமத்தில் வனாந்தரத்து மக்களுக்குக் கிடைத்த மன்னாவும் இவ்வாறே: தலைக்கு ஓர் அளவு, மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை, மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்துப்போயிற்று. மன்னாவை அளந்தவர் அரைப்பேர் போடவில்லை என்று ஓர் ஆசிரிய நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை என்று அதைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

பசியைவிடக் கொடிது பிரிவு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி நின்ற மக்களை, 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு தேசமும் தம்பிக்கு ஒரு தேசமும் வாய்த்தன. தலைமன்னாருக்குப் போகவென்று மலைநாட்டு நிலையங்களிற் புறப்பட்ட ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வழங்கியது. இங்கே இந்தியாக்காரன் எனப்பட்டவன் அங்கே இறங்கியதும் சிலோன்காரன் எனப்பட்டான். நீலகிரியிற் கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் மறுபடியும் தேயிலையிலேயே கைவைத்தார்கள் பலர்.

இக்காலத்தை எண்ணும்போதெல்லாம் ரூத்தின் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. பஞ்சத்தால் ஊர் விட்டுப்போய், கணவனையும் மக்களையும் அயல்நாட்டிற் புதைத்துவிட்டு, நகோமி பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். இவள் நகோமிதானோ என்று ஊரார் ஐயுறுகின்றனர். அவளோடு வந்த மருமகள் ரூத்தோ, பிறந்த நாட்டைத் தானே விரும்பி விட்டு வந்தவள். அறுவடைக்காரர் பின்னே சிந்திய கதிர் பொறுக்கி, மாலையில் தட்டியெடுத்து அளந்து பார்க்கிறாள். ஏறக்குறைய ஓர் எப்பா வாற்கோதுமை தேறுகிறது. பெண்ணின் கையுழைப்பு, மாலை அளவு, வீட்டிற் காத்திருக்கும் முதியவள் என்னும் இம்மூன்றும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்நியமல்ல. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. யாரோடு இருப்பது, எந்த மண்ணிற் புதைபடுவது என்பதை ரூத் தானே முடிவு செய்தாள். அழுகைக் கோச்சியில் ஏறினவர்களுக்கு அம்முடிவை இரு பிரதம மந்திரிகள் செய்தார்கள். இங்கே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமைக் கதவு முற்றாகத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே.

கத்தோலிக்க சபையில் இக்காலத்து நிகழ்ந்த ஒரு செயலைக் குறிப்பிட வேண்டும். 1972 டிசம்பரிற் கண்டி மறைமாவட்டத்தினின்றும் பதுளை தனியாகப் பிரிக்கப்பட்டது. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார அவர்கள், வசதியும் பெருமையும் உடைய கண்டியை விட்டு, புதிதான, வறிய பதுளைக்கு வந்தார். பண்டாரவளையிற் 'சேவக செவன' என்னும் குருமடத்தை அமைத்து, ஊவாவின் மக்கள் நடுவே வாழக்கூடிய குருமாரை உருவாக்க முயன்றார். 1982இற் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையிற் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் காண அவர் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் திகதி அதே பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றினால் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டதையும் அவர் காணவில்லை.

அவரோடு பணியாற்றிய மைக்கல் ரொட்ரிகோ அடிகள், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர், 1980இற் கீழ் ஊவாவிலுள்ள புத்தலைக்குச் சென்று, சிங்கள பௌத்த விவசாயிகளிடையே ஒரு சிறு வீட்டிற் குடியிருந்தார். 'சுப செத் கெதர' என்பது வீட்டின் பெயர். மதம் மாற்ற அவர் போகவில்லை. அயலாராய் இருக்கப் போனார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அவ்வீட்டிற் பூசை முடியும் தறுவாயிற் சுடப்பட்டு இறந்தார். தேயிலை மலையின் தமிழ்த் தொழிலாளியையும் அடிவாரத்துச் சிங்கள உழவனையும் ஒரே மாகாணத்தின் வறுமை பிணைத்திருந்தது; இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர். இருவர் மொழியிலும் தொழுகை நடக்கும் ஒரு சிறுபான்மைச் சபைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அவ்வேலையை அது போதியவளவு செய்ததா என்றால், இவ்விருவரையும் இவர்போன்ற சிலரையும் தவிர்த்துப் பார்க்கும்போது, இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இனி மலைகள். நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை அறியாத கிறிஸ்தவர் மலைநாட்டில் இலர். பிரயாணம் போகும்போதும், துக்க வீட்டிலும், நோயாளியின் தலைமாட்டிலும் அதை ஓதுவர். மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்துவதோடு அது தொடங்குகிறது. தமிழிலே இம்முதலடி இருவகையாக வழங்குகிறது என்பதை மொழியாராய்ச்சியில் ஈடுபாடுள்ள வாசகர் கவனிக்கத்தக்கது. சபைகளில் நெடுங்காலமாக ஓதப்படும் பழைய மொழிபெயர்ப்பில், ஒத்தாசை வருகிற மலைகளை நோக்குவதாகவே அடி அமைந்திருக்கிறது. மலையே உதவியின் வாயில். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலோ அடி இரண்டாக ஒடிந்து, பின்பாதி ஒரு வினாவாக நிற்கிறது: மலையைப் பார்க்கிறேன், உதவி எங்கிருந்து வரும்? எபிரேய மூலத்தை வினாவாகக் கொள்வதே இன்றைய அறிஞர் பலரின் துணிபு. விடை அடுத்த அடியில் வருகிறது. மலைகளைச் செய்தவரிடமிருந்து என்று.

பழைய பாடத்தின் ஓசை இனியது. அதிலே வளர்ந்த செவிக்குப் புதியது கரடாகவே படும். ஆயினும் ஊவாவில் இருந்துகொண்டு அதனை ஓதுவோர்க்கு ஒரு சங்கடம் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கி வந்தது. லயங்கள் மண்ணுக்குள் அமிழ்ந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனால் எங்கே போவது? லயமும் தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது. தேடியும் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. மலையே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோதும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் பல இடங்களில் இறங்கி உயிர்களைக் கொண்டுபோயின. மாரி மழை இரவிலே நான்கு நாள் தொடர்ந்து பெய்தால், தோட்டத்து மக்கள் மலையை நோக்கிக் கண்களை ஏறெடுப்பது உண்மை. உதவியை எதிர்பார்த்து அன்று. அது அசைகிறதா என்று பார்ப்பதற்காக.

தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் இந்துக்கள். மீரியாபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களுக்காக எல்லா மதத்தவரும் அழுதார்கள், விளக்கேற்றினார்கள், சோறு சமைத்துக்கொண்டு போனார்கள். அவ்வேளையில் இன்ன தேவன் என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்ததனாற் பிழைத்த பிள்ளைகள் சிலர், திரும்பி வந்து, லயம் இருந்த இடத்தைத் தேடினார்கள். அப்பிள்ளைகளில் ஒருவன் கையில் வேதாகமத்தைக் கொடுத்துச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்ல நேர்ந்தால், எந்தப் பாடத்தைக் கொடுப்பது? பழகிய பாடத்தையே கொடுக்கலாம் என்று வாதிக்கும் முதியோர் இருப்பர். அவர்களின் அன்பை ஐயுறுவதற்கில்லை. நானாயின் வினாவாக நிற்கும் பாடத்தையே கொடுப்பேன். அந்த வினாவை அவன் முன்னமே கேட்டுக்கொண்டிருக்கிறான்; வேதத்திலும் ஒருவர் அதையே கேட்டிருக்கிறார் என்று அவன் காணட்டும்.